விருத்தாசலம் (பெயர்)

விருத்தாசலம் என்பது தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டத்தில் மணிமுத்தாற்றின் கரையில் அமைந்துள்ள ஒரு நகரத்தின் பெயரும், தமிழரிடையே வழங்கும் ஓர் ஆண்பால் ஆட்பெயரும் ஆகும். ஊருக்கு முதலில் வழங்கிய பெயர் திருமுதுகுன்றம். அதன் பொருளை வடமொழியில் பெயர்த்துச் சொன்னதே விருத்தாசலம். பழமலை, விருத்தகிரி, முதுகிரி, விருத்தகாசி என்னும் பெயர்களும் இவ்வூரைக் குறிக்க வழங்கியுள்ளன. இவற்றுள் பழமலை, விருத்தகிரி ஆகியவை ஆட்பெயர்களாகவும் உள்ளன.

இக்கட்டுரை ஊரைப் பற்றியது அன்று, பெயரைப் பற்றியது. விருத்தாசலம் என்னும் பெயரின் பொருள், தோற்றம், அது ஆட்பெயரான விதம், எழுத்துக்கூட்டல் வேறுபாடுகள் ஆகியவற்றோடு, ஒப்பீட்டுக்காக அண்டை ஊரான ஸ்ரீமுஷ்ணத்தின் பெயரும், இவ்வட்டாரத்துக்கே உரிய கொளஞ்சி என்னும் பெயரும் இங்கு விளக்கப்படுகின்றன.

சொற்பிறப்பு

முதுகுன்றம், பழமலை

முதுகுன்றம் என்பது முதுமை + குன்றம் எனப் பிரியும் பண்புத்தொகை. முதுமை என்பதன் ஈற்றிலுள்ள "மை" விகுதி கெட்டு, முது + குன்றம் என நின்று புணர்ந்தது. தமிழ் இலக்கண நூலார் இதனை "ஈறுபோதல்" என்பர். தலம் என்பதால் "திரு" என்னும் அடைமொழி பெற்றுத் திருமுதுகுன்றம் ஆயிற்று. முதுமொழி, முதுமகன் ஆகிய சொற்களிலும் இதே "முது" உள்ளது. மூதூர் என்னும் சொல்லில் அது "மூது" என நீண்டுள்ளது.

"முது" என்பது வயதில் மூத்ததை மட்டும் குறிப்பதன்று. முதிர்ச்சியையும் நிறைவையும் குறிக்கும். பல்கலைக்கழகங்களில் வழங்கும் "முதுகலை", "முதுநிலை" என்னும் சொற்களில் இப்பொருளே உள்ளது.

பழமலை என்பதும் அவ்வாறே பழமை + மலை எனப் பிரியும். இதனைப் "பழம்" என்னும் கனியோடு தொடர்புபடுத்துவது பொருந்தாது. பழனி என்னும் ஊர்ப்பெயரைப் "பழம் நீ" எனப் பிரித்துக் கதை கூறும் வழக்கம் பரவலாக இருப்பதால், பழமலையையும் கனியோடு சேர்த்து எண்ணிவிடுவது எளிது. பழமொழி, பழந்தமிழ் ஆகிய சொற்களிலுள்ள "பழ" என்பதே இங்கும் உள்ளது.

விருத்தாசலம்

விருத்தாசலம் என்பது விருத்த + அசலம் என்னும் இரு வடசொற்களின் புணர்ச்சி. நிலைமொழி ஈற்று அகரமும் வருமொழி முதல் அகரமும் சேர்ந்து ஆகாரமாயின. வடமொழி இலக்கணத்தில் இது "தீர்க்க சந்தி" எனப்படும்.

விருத்த என்பது வளர்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்த சொல். ஆகவே அதன் முதற்பொருள் "வளர்ச்சியுற்ற, முதிர்ந்த" என்பதாகும். "வயதான" என்பது அதன் வழிப்பொருள். தமிழில் வழங்கும் விருத்தி, அபிவிருத்தி ஆகியவை இதே வேரிலிருந்து வந்தவை. முதுமை என்னும் தமிழ்ச்சொல்லும் முதிர்ச்சி, வயது ஆகிய இரண்டையும் குறிப்பதால், இம்மொழிபெயர்ப்பு பெரிதும் பொருத்தமானது எனலாம்.

அசலம் என்பது அ + சலம் எனப் பிரியும். சலம் என்பது அசைவு. அதன் முன் எதிர்மறை குறிக்கும் அகரம் சேர்ந்து "அசையாதது" என்னும் பொருளைத் தந்தது. அசையாமல் நிற்பதால் மலைக்கு அது பெயராயிற்று. இந்தச் சலம் நீரைக் குறிக்கும் சலம் (ஜலம்) அன்று. எனவே அசலம் என்பதற்கு "நீரற்றது" எனப் பொருள் கொள்வது பிழை.

மயக்கம் தரும் சொற்கள்

வடமொழியில் வெவ்வேறு ஒலிகளாக உள்ளவை தமிழில் ஒரே எழுத்தால் எழுதப்படுவதால், தொடர்பில்லாத பல சொற்கள் தமிழில் ஒன்றுபோல் தோன்றும். விருத்தாசலம் என்னும் பெயரைப் பொருத்தவரை மாணவர்கள் பின்வரும் சொற்களைப் பிரித்தறிதல் வேண்டும்.

- விருத்தம் (முதுமை): விருத்தாசலம் என்னும் பெயரில் உள்ளது இதுவே.
- விருத்தம் (பா வகை): ஆசிரிய விருத்தம் முதலியவற்றில் உள்ளது. வட்டம், ஒழுங்கு, யாப்பு ஆகிய பொருள்களைத் தரும் வேறொரு வடசொல்லிலிருந்து வந்தது.
- விருத்தம் (முரண்): "விரோதம்" என்னும் சொல்லோடு உறவுடையது.
- விருதா: வீண் என்னும் பொருளுடையது.
- விருது: வெற்றிச் சின்னம், பட்டம். விருதுநகர் என்னும் ஊர்ப்பெயரில் உள்ளது இச்சொல்லே.

ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்துத் தமிழில் "விருதாசலம்" என எழுதுவோர் உண்டு. தகர ஒற்று ஒன்று குறைந்தால் "முதுமலை" என்னும் பொருள் மறைந்து, விருது அல்லது வீண் என்னும் பொருள் வந்துவிடுகிறது.

மலையில்லா ஊரும் மலைப்பெயரும்

முதுகுன்றம், பழமலை, விருத்தாசலம், விருத்தகிரி ஆகிய நான்கு பெயர்களும் மலையைக் குறிப்பவை. ஆயினும் நகரத்தில் கண்ணுக்குத் தெரியும் மலை எதுவும் இல்லை. ஊர் ஆற்றங்கரைச் சமவெளியில் அமைந்துள்ளது. முதன்முறை வருவோர் பலரும் "மலை எங்கே?" எனக் கேட்பது இதனாலேயே.

இதற்குத் தலபுராண மரபு தரும் விடை வருமாறு: நான்முகன் உலகைப் படைத்தபோது, அவன் படைத்த மலைகளுக்கெல்லாம் முன்பாகவே சிவபெருமான் இங்கு மலை வடிவாகத் தோன்றினார், அம்மலையே முதன்மையானதும் மூத்ததும் ஆகும், பின்னர் அது நிலத்துள் அழுந்திவிட்டது. மூத்த மலை என்பதால் முதுகுன்றம் எனப் பெயர் வந்தது என்பதே இம்மரபின் கருத்து. கோயிலில் எழுந்தருளியுள்ள இறைவன் பழமலைநாதர் என்றும் விருத்தகிரீசுவரர் என்றும் அழைக்கப்படுகிறார்.

ஊர்ப்பெயர் ஆய்வில் இத்தகைய கதைகளுக்கு உரிய இடத்தை வரையறுத்துக்கொள்ளுதல் நன்று. பெயர் எப்படி வந்தது என்பதற்கு அவை வரலாற்றுச் சான்று ஆகா. ஆனால் அப்பெயரை வழங்கிய மக்கள் அதனை எப்படிப் பொருள் கொண்டனர் என்பதற்கு அவை நல்ல சான்று. மலை என்னும் சொல்லும் மலையற்ற நிலமும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் நின்றபோது, "மலை மண்ணுக்குள் உள்ளது" என்னும் விளக்கம் அந்த இடைவெளியை நிரப்பியது.

இலக்கியத்திலும் ஆவணங்களிலும்

தேவாரம் பாடிய சம்பந்தர், அப்பர், சுந்தரர் ஆகிய மூவரும் இத்தலத்தைப் பாடியுள்ளனர். அவர்கள் வழங்கிய பெயர் முதுகுன்றம். கண்டராதித்த சோழரின் தேவியான செம்பியன் மாதேவியார் கி.பி. 10ஆம் நூற்றாண்டில் இக்கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தார்.

சுந்தரரைப் பற்றிய புகழ்பெற்ற கதை ஒன்று இவ்வூரோடு தொடர்புடையது. இங்கு இறைவனிடம் அவர் 12,000 பொன் பெற்றார் என்றும், அதனை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொண்டார் என்றும் பெரியபுராண மரபு கூறுகிறது. "ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது" என்னும் வழக்கு இக்கதையை நினைவூட்டுவது. மக்கள் வழக்கில் இது பயனற்ற தேடலைக் குறிக்கிறது; கதையிலோ தேடியது கிடைத்துவிடுகிறது.

17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த துறைமங்கலம் சிவப்பிரகாசர் இத்தலத்தின் மீது இயற்றிய நூலின் பெயர் பழமலை அந்தாதி. இத்தலத்தின் புராணமோ விருத்தாசல புராணம் எனப் பெயர் பெற்றுள்ளது. அதனை இயற்றியவர் ஞானக்கூத்தர். ஒரே ஊரைப் பற்றிய இரு நூல்களில் ஒன்று தமிழ்ப் பெயரையும் மற்றொன்று வடமொழிப் பெயரையும் தலைப்பில் கொண்டிருப்பது, இரு வடிவங்களும் ஒன்றையொன்று நீக்காமல் அருகருகே வழங்கியதைக் காட்டுகிறது.

18ஆம் நூற்றாண்டின் கருநாடகப் போர்கள் பற்றிய ஆங்கிலேயர் குறிப்புகளில் இவ்வூர் "வெர்டாச்செலம்" என்பது போன்ற வடிவங்களில் காணப்படுகிறது. கோட்டை போன்ற மதில்களை உடைய பெருங்கோயில் ஊராக அது அவற்றில் இடம்பெறுகிறது. அரசுப் பதிவேடுகளிலும், பின்னர் இருப்புப்பாதை நிலையத்திலும் விருத்தாசலம் என்னும் வடிவமே நிலைபெற்றது. இவ்வாறு திருமுதுகுன்றம் கோயில், இலக்கியம் ஆகியவற்றோடு ஒதுங்க, விருத்தாசலம் அன்றாட வழக்கிற்கு உரியதாயிற்று.

பெரியநாயகியும் விருத்தாம்பிகையும்

ஊரின் பெயர் மொழிபெயர்க்கப்பட்டபோது அம்மன் பெயரும் அதனோடு மாறியது. இத்தலத்து அம்மன் தமிழில் பெரியநாயகி; வடமொழியில் விருத்தாம்பிகை.

"பெரிய" என்னும் சொல் பெருமையைக் குறிப்பது. தஞ்சைப் பெரிய கோயிலின் அம்மனும் பெரியநாயகியே. ஆனால் அங்கு வடமொழிப் பெயர் பிரகந்நாயகி, அதாவது "பெருமை வாய்ந்த தலைவி". விருத்தாசலத்திலோ ஊர்ப்பெயரில் உள்ள "விருத்த" என்பதே அம்மன் பெயரிலும் வந்து, "மூத்த அன்னை" என்னும் பொருளைத் தந்தது.

இப்பொருளை அடிப்படையாகக் கொண்ட கதை ஒன்று இத்தலத்தில் வழங்குகிறது. திருவண்ணாமலைக் குகை நமசிவாயரின் மாணவரான குரு நமசிவாயர் சிதம்பரம் செல்லும் வழியில் இங்குத் தங்கினார். பசித்த அவர் அம்மனைக் கிழத்தி என விளித்துப் பாடி உணவு கேட்டார். முதியவள் வடிவில் தோன்றிய அம்மன், "கிழவியால் சோறும் நீரும் கொண்டு நடந்து வர இயலுமோ?" என வினவினாள். உடனே அவர் அவளை இளமை உடையவளாகப் பாட, இளநங்கையாக வந்து உணவளித்தாள். பாலாம்பிகை அல்லது இளையநாயகி என்னும் பெயரில் இங்குள்ள அம்மன் சன்னிதி இக்கதையோடு தொடர்புபடுத்தப்படுகிறது.

தஞ்சையில் இக்கதை தோன்றியிருக்க இயலாது. "பிரகத்" என்னும் சொல்லில் முதுமைப் பொருள் இல்லை. ஒரு பெயரை எந்தச் சொல்லால் பெயர்க்கிறோமோ, அச்சொல்லின் பிற பொருள்களும் உடன் வந்து புதிய கதைகளுக்கு இடம் தருகின்றன என்பதற்கு இது சிறந்த எடுத்துக்காட்டு.

அண்டை ஊர்: ஸ்ரீமுஷ்ணம்

விருத்தாசலத்திலிருந்து ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவிலுள்ள ஸ்ரீமுஷ்ணமும் இரட்டைப் பெயர் கொண்ட ஊரே. தமிழ் வழக்கில் அது திருமுட்டம். பூவராக சுவாமி கோயிலால் புகழ்பெற்ற இவ்வூர், வைணவ மரபில் திருமால் தானாகத் தோன்றிய எட்டுத் தலங்களுள் (சுயம்வியக்தத் தலங்கள்) ஒன்றாகப் போற்றப்படுகிறது. திருவரங்கம், திருவேங்கடம், வானமாமலை, சாளக்கிராமம், நைமிசாரணியம், புட்கரம், பத்ரிநாத் ஆகியவை ஏனைய ஏழு.

முதுகுன்றம் விருத்தாசலம் ஆனதற்கும், முட்டம் – முஷ்ணம் என்னும் இணைக்கும் அடிப்படை வேறுபாடு உண்டு. முன்னது பொருள்வழி அமைந்த இணை. ஒலியில் இரண்டிற்கும் ஒற்றுமை இல்லை. பின்னது ஒலிவழி அமைந்த இணை. திரு என்பதற்கு ஸ்ரீ நேர்; முட்டம் என்பதற்கு முஷ்ணம் ஒலியளவில் அணுக்கம். வடமொழியில் "முஷ்" என்னும் வேருக்குக் கவர்தல் என்பது பொருள். இரணியாட்சன் பூமியைக் கவர்ந்து சென்றதையும், திருமால் பன்றி வடிவெடுத்து அதனை மீட்டதையும் கூறும் வராக அவதாரக் கதையோடு இப்பொருள் இயைகிறது. ஆனால் அவ்விளக்கம் ஸ்ரீமுஷ்ணம் என்னும் வடிவத்திற்கே பொருந்தும். திருமுட்டம் என்பதற்குப் பொருந்தாது.

முட்டம் என்பது பல ஊர்களுக்கு உரிய பெயர். கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் ஒரு முட்டம் உண்டு. கோயம்புத்தூருக்கு அருகில் ஒரு முட்டம் உண்டு. காட்டுமன்னார்கோயிலுக்கு அருகில் கொள்ளிடக் கரையில் ஒரு முட்டம் உண்டு. காஞ்சிபுரத்திற்கு அண்மையிலுள்ள தேவாரத் தலம் குரங்கணில்முட்டம். அங்குக் குரங்கும் அணிலும் காகமும் இறைவனை வழிபட்டதாகக் கதை கூறி, முட்டம் என்பதற்குக் காகம் எனப் பொருள் கொள்வர். ஒரே சொல் ஓர் ஊரில் காகமாகவும் மற்றோர் ஊரில் பூமியைக் கவர்ந்த கதையாகவும் விளக்கம் பெறுவதைக் காணும்போது, தலக்கதையை மட்டும் கொண்டு ஊர்ப்பெயரின் மூலத்தைத் துணிதல் கூடாது என்பது விளங்கும்.

பூவராகன்

ஸ்ரீமுஷ்ணத்து இறைவன் பெயராகிய பூவராகன் கடலூர் வட்டாரத்தில் ஆட்பெயராகவும் வழங்குகிறது. 1962ஆம் ஆண்டுத் தேர்தலில் விருத்தாசலம் தொகுதியிலிருந்து சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, சென்னை மாநில அமைச்சரவையில் செய்தித்துறை அமைச்சராக இருந்தவர் ஜி. பூவராகன்.

இப்பெயரின் முதலிலுள்ள "பூ" மலரைக் குறிப்பதன்று. புவி, பூமி, பூகோளம், பூகம்பம் ஆகிய சொற்களில் உள்ள "பூ" இது. பூமியைத் தாங்கிய பன்றி என்பதே பூவராகன் என்பதன் பொருள்.

வராகன் என்னும் சொல் பணத்தையும் குறித்தது. விசயநகரப் பேரரசின் சின்னம் பன்றி. அதனால் அக்காலப் பொன் நாணயம் வராகன் எனப்பட்டது. பன்றி உருவம் பொறிக்கப்படாத நாணயங்களுக்கும் பின்னர் அப்பெயரே நிலைத்தது. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைக் கணக்கில் 1 வராகன் 42 பணம். 1 பணம் 80 காசு. 1818ஆம் ஆண்டு ரூபாய் அடிப்படை நாணயமானபோது 1 வராகனுக்கு 3½ ரூபாய் என மதிப்பிடப்பட்டது.

மாசி மகத்தன்று ஸ்ரீமுஷ்ணம் பூவராகர் சிதம்பரத்தை அடுத்த கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருள்வார். அங்குள்ள தர்காவின் சார்பில் இசுலாமியர் வரவேற்பு அளிப்பது நெடுங்கால வழக்கம்.

ஊர்ப்பெயரை ஆட்பெயரோடு இணைத்து வழங்குவதும் தமிழ் மரபே. மிருதங்கக் கலைஞர் ஸ்ரீமுஷ்ணம் வி. ராஜா ராவ் இதற்கு எடுத்துக்காட்டு. விருத்தாசலம் என்பது ஒருவரின் சொந்தப் பெயராகவே அமைவது. ஸ்ரீமுஷ்ணம் என்பது பெரும்பாலும் பெயருக்கு முன் நின்று ஊரைக் காட்டுவது. மலையைக் குறிக்கும் தலப்பெயர்கள் ஆட்பெயராவது தமிழில் இயல்பாக இருக்க, முட்டம் போன்ற பெயர்கள் அவ்வாறு ஆகாமையே இதற்குக் காரணம் எனலாம்.

கொளஞ்சி

விருத்தாசலத்தை அடுத்த மணவாளநல்லூரில் உள்ளது கொளஞ்சியப்பர் கோயில். இவ்வட்டாரத்தில் கொளஞ்சி, கொளஞ்சியப்பன், கொளஞ்சிநாதன், கொளஞ்சியம்மாள் எனப் பெயர் கொண்டோர் பலர். இப்பெயரைக் கேட்ட அளவிலேயே "விருத்தாசலம் பக்கமா?" எனக் கேட்கும் வழக்கம் உண்டு.

கொளஞ்சி என்பது ஒரு செடியின் பெயர். நூல்வழக்கில் கொழிஞ்சி எனப்படும் இச்செடி தரிசு நிலங்களில் தானே வளர்வது; உழவர்கள் இதனை வயலில் மடக்கி உழுது தழையுரமாக இடுவர். கொளஞ்சிப் புதரிடையே பசு ஒன்று நாள்தோறும் பால் சொரிய, அவ்விடத்தில் இறைவடிவம் கண்டெடுக்கப்பட்டதாகத் தலக்கதை கூறும்.

இக்கோயிலில் "பிராது கட்டுதல்" என்னும் வழக்கம் உள்ளது. மக்கள் தம் குறைகளை வழக்குமனு போலத் தாளில் எழுதிக் கோயிலில் கட்டி முறையிடுவர். விருத்தாசலத்திலுள்ள அரசு கலைக் கல்லூரியும் திரு கொளஞ்சியப்பர் பெயரையே தாங்கியுள்ளது. விருத்தாசலம் என்னும் பெயர் நூல்வழியே பரவியது என்றால், கொளஞ்சி என்னும் பெயர் மண்ணிலிருந்தே முளைத்தது எனலாம். மொழிபெயர்ப்புக்கு உட்படாமலே அது கோயிலுக்கும் மக்களுக்கும் கல்லூரிக்கும் பெயராயிற்று.

ஆட்பெயராக

தமிழரிடையே தலப்பெயரையே பிள்ளைக்கு இடும் வழக்கம் தொன்றுதொட்டு உள்ளது. சிதம்பரம், பழனி, அண்ணாமலை, திருப்பதி, காசி ஆகியவை ஊர்ப்பெயர்களாகவும் ஆட்பெயர்களாகவும் வழங்குவன. அத்தலத்து இறைவனிடம் வேண்டிக்கொண்டு பெற்ற பிள்ளை, குலதெய்வம் அவ்வூரில் இருத்தல், பாட்டனார் பெயரைப் பேரனுக்கு இடுதல் ஆகியவை இதற்குரிய பொதுவான காரணங்கள்.

அசலம் என முடியும் ஆட்பெயர்கள் தனித்ததொரு தொகுதியாக அமைகின்றன.

- அருணாசலம்: சிவந்த மலை; திருவண்ணாமலை.
- வேங்கடாசலம்: வேங்கட மலை, திருப்பதி.
- தணிகாசலம்: தணிகை மலை, திருத்தணி. தமிழ்ச்சொல்லும் வடசொல்லும் கலந்த பெயர்.
- மருதாசலம்: மருத மலை, கோயம்புத்தூர். இதுவும் கலப்புப் பெயர்.
- வேதாசலம்: வேத மலை, திருக்கழுக்குன்றம்.
- விருத்தாசலம்: முது மலை, திருமுதுகுன்றம்.

தமிழ்நாட்டிற்கு வெளியேயும் இச்சொல்லைக் காணலாம். இமாசலப் பிரதேசம் (1971 முதல் மாநிலம்) என்பதில் உள்ளது பனிமலை. 1972ஆம் ஆண்டு பெயர் பெற்று 1987ஆம் ஆண்டு மாநிலமான அருணாசலப் பிரதேசம் என்பதில் உள்ளது விடியல் ஒளி படும் மலை. திருவண்ணாமலையின் பெயரும் வடகிழக்கு மாநிலமொன்றின் பெயரும் ஒன்றாக இருப்பது இச்சொல் பொதுவாக இருப்பதனாலேயே. இரண்டிற்கும் வேறு தொடர்பு இல்லை.

இப்பெயர் கொண்ட குறிப்பிடத்தக்கோர்

சொ. விருத்தாசலம் (1906–1948): தமிழ்ச் சிறுகதையின் முன்னோடிகளுள் ஒருவர். புதுமைப்பித்தன் என்னும் புனைபெயரால் அறியப்படுபவர். நெல்லைக் குடும்பத்தைச் சேர்ந்த இவர், தந்தையார் அரசுப் பணியில் இருந்த காலத்தில் கடலூரின் ஒரு பகுதியாகிய திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். "சொ.வி." என்னும் பெயரிலும் எழுதினார். "முதிய மலை" எனப் பொருள்படும் இயற்பெயரைக் கொண்டவர் புதுமை மீது பித்துக் கொண்டவராகத் தம்மை அறிவித்துக்கொண்டது கருதத்தக்கது.

பழமலய்: "சனங்களின் கதை" (1988) என்னும் தொகுப்பால் அறியப்பட்ட கவிஞர். பழமலை என்னும் பெயரின் ஈற்று ஐகாரத்தை "அய்" என எழுதும் முறை இப்பெயரில் உள்ளது.

விருத்தகிரி என்னும் வடிவத்தோடு ஒட்டிய மற்றொரு பயன்பாடு, நடிகர் விஜயகாந்த் (1952–2023) இயக்கி நடித்து 2010ஆம் ஆண்டு வெளியான "விருதகிரி" என்னும் திரைப்படம். அவர் 2006ஆம் ஆண்டு விருத்தாசலம் தொகுதியிலிருந்து சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார்.

விருத்தாசலமும் வேதாசலமும்

விருத்தாசலம் என்னும் ஊர்ப்பெயருக்கு நேர்மாறான திசையில் சென்ற ஆட்பெயர் ஒன்று தமிழ் வரலாற்றில் புகழ்பெற்றது. தனித்தமிழ் இயக்கத்தைத் தோற்றுவித்த மறைமலை அடிகளின் (1876–1950) இயற்பெயர் வேதாசலம். 1916ஆம் ஆண்டு அவர் தம் பெயரைத் தமிழாக்கினார். வேதம் என்பது மறை. அசலம் என்பது மலை. முதுகுன்றம் விருத்தாசலம் ஆனது எந்த முறையிலோ, அதே முறையில்தான், திசை மாறி, வேதாசலம் மறைமலை ஆனார்.

இரண்டிற்கும் ஒரு வேறுபாடு உண்டு. மனிதர் ஒருவர் தம் பெயரைத் தாமே மாற்றிக்கொள்ளலாம். ஊரின் பெயர் பல தலைமுறைகளின் வழக்கில், பலர் நாவில் மெல்ல மாறுவது.

இணைப்பெயர்கள்

தமிழ்ப் பெயரும் அதன் வடமொழி ஆக்கமும் சேர்ந்து வழங்கும் ஊர்கள் பல. திருமறைக்காடு – வேதாரணியம், திருவெண்காடு – சுவேதாரணியம், திருவையாறு – பஞ்சநதம், திருக்கழுக்குன்றம் – பட்சிதீர்த்தம், மயிலாடுதுறை – மாயூரம் ஆகியவை சில.

இவற்றின் பிற்கால நிலை ஒன்றுபோல் இல்லை. வெண்காடும் ஐயாறும் தமிழ்ப் பெயரிலேயே நிலைத்தன. வேதாரணியத்தில் வடமொழி வடிவம் ஊர்ப்பெயராயிற்று. மாயூரம், மாயவரம் என வழங்கிய ஊர் 1982ஆம் ஆண்டு அரசு ஆணையால் மீண்டும் மயிலாடுதுறை ஆயிற்று. விருத்தாசலத்தில் அத்தகைய மாற்றம் நிகழவில்லை.

திருமுதுகுன்றம் என்னும் பெயரே மூத்தது, தேவாரச் சான்றுடையது, பொருள் தெளிவானது என்பது பழைய பெயரை விரும்புவோரின் வாதம். விருத்தாசலம் என்னும் பெயரும் பல நூற்றாண்டுப் பழமை உடையது, ஆட்பெயராகவும் மக்களிடம் ஊன்றியது, நிலையம் முதல் நிலப்பத்திரம் வரை அனைத்திலும் உள்ளது என்பது வழங்கும் பெயரைப் போற்றுவோரின் வாதம். இவ்விரண்டும் ஒரே பொருளுடையவை என்பதை அறிந்திருந்தால், எப்பெயரை வழங்கினும் மற்றதை இழக்க வேண்டியதில்லை. அதை அறியாதபோதுதான் ஒரு பெயர் மறைகிறது. தேவாரத்தில் முதுகுன்றத்தைப் படிக்கும் மாணவர் அது தாம் தொடர்வண்டியில் கடந்து செல்லும் ஊரே என உணராமல் போகிறார்.

எழுத்துக்கூட்டல்

தமிழில் விருத்தாசலம், விருத்தாச்சலம் என இரு வடிவங்கள் காணப்படுகின்றன. அசலம் என்னும் சொல்லில் சகர ஒற்று இல்லாமையால் சொற்பிறப்பின்படி விருத்தாசலம் என்பதே சரியானது. பேச்சில் சகரம் அழுத்தம் பெறுவதால் "ச்ச" என எழுதும் வழக்கம் தோன்றியது. வெங்கடாச்சலம், அருணாச்சலம் ஆகியவற்றிலும் இதனைக் காணலாம். 1997ஆம் ஆண்டு வெளியான ரஜினிகாந்த் திரைப்படத்தின் பெயர் "அருணாச்சலம்" என்றே அமைந்தது.

ஆங்கிலத்திலும் ஒருமை இல்லை. இருப்புப்பாதைத் துறை வடமொழி ஒலிப்பை ஒட்டி எழுத, பிற இடங்களில் தமிழ் ஒலிப்பை ஒட்டிய வடிவமும் வழங்குகிறது. ஊரின் பெயரைத் தம் பெயராகக் கொண்டவருக்கு இது சிறு செய்தி அன்று. பள்ளிச் சான்றிதழில் ஒரு வடிவமும் கடவுச்சீட்டில் மற்றொரு வடிவமும் இருப்பின், இருவரும் ஒருவரே என மெய்ப்பிக்க வேண்டிய நிலை ஏற்படும். எனவே பெயரைப் பதிவுசெய்யும்போதே ஒரு வடிவத்தைத் தேர்ந்து அனைத்து ஆவணங்களிலும் பின்பற்றுதல் நன்று.

தமிழ்நாடு அரசு 2020ஆம் ஆண்டு சூன் மாதம் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்பிற்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டது. எழுத்துக்கூட்டல் முறை குறித்துக் கருத்து வேறுபாடுகள் எழுந்ததால் சில நாட்களிலேயே அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது. தமிழ் ஒலிகளை ஆங்கில எழுத்தில் ஒரே சீராகக் காட்டுவது எத்துணைக் கடினம் என்பதை இந்நிகழ்வு காட்டியது.

பிற பயன்பாடுகள்

விருத்தாசலத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் உள்ளது. அங்கு உருவாக்கப்படும் பயிர் இரகங்கள் ஊர்ப்பெயரின் சுருக்கமாகிய "வி.ஆர்.ஐ." என்னும் எழுத்துகளால் குறிக்கப்படுகின்றன. வி.ஆர்.ஐ. 3 என்னும் முந்திரி இரகமும் வி.ஆர்.ஐ. 2 என்னும் நிலக்கடலை இரகமும் இவ்வாறு பெயர் பெற்றவை.

நகரம் பீங்கான் தொழிலுக்கும் பெயர் பெற்றது. இங்குள்ள செராமிக் தொழிற்பேட்டையில் அகல் விளக்குகள், பொம்மைகள், மின்சாதனப் பீங்கான் பொருள்கள் முதலியவை செய்யப்படுகின்றன. முதிய மலையின் பெயரை ஊர் தாங்கி நிற்க, அவ்வூரிலிருந்து வெளியூர் செல்வது சுட்ட மண்ணாகிய விளக்கும் பொம்மையுமாக உள்ளது.

இவற்றையும் பார்க்க

- திருமுதுகுன்றம் பழமலைநாதர் கோயில்
- ஸ்ரீமுஷ்ணம் பூவராக சுவாமி கோயில்
- மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயில்
- புதுமைப்பித்தன்
- மறைமலை அடிகள்
- குரங்கணில்முட்டம்